வாட்ஸ்அப் குழுவா, மாதக் கூடுகையா, சுற்றும் பையா? விலங்குப் பிரியர்கள் புத்தகம் பகிர எது தோது

மதுரைப் பக்கம் இப்படிப்பட்ட நட்பு வட்டங்கள் நிறைய உண்டு. ஒருவர் வீட்டில் பூனைகள். ஒருவர் ராத்திரி பத்து மணிக்கு மேல் தெருநாய்களுக்குச் சோறு வைக்கிறவர். ஒருவர் அலங்காநல்லூர்ப் பக்கம் காளை வளர்க்கிற குடும்பம். இன்னொருவர் ஞாயிறு விடிந்தால் பைனாகுலரை மாட்டிக்கொண்டு சாமநத்தம் கண்மாய்க்குக் கிளம்புகிறவர். எல்லோருக்கும் வாசிப்பு பிடிக்கும், எல்லோருக்கும் விலங்குகள் மேல் உயிர். அவர்கள் சுற்றிச் சுற்றி வந்து நிற்கிற கேள்வியும் ஒன்றுதான்: "நல்ல புத்தகம் கிடைச்சா ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்க எது சரியான வழி? குரூப் ஆரம்பிக்கவா, மாசம் ஒருக்கா கூடவா, புத்தகத்தையே கைமாத்திக்கவா, இல்ல லிஸ்ட் போட்டு லைப்ரரியில எடுத்துக்கவா?"

நான்கு வழியும் நடைமுறையில் இருப்பவைதான். ஆனால் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். "எது சுலபம்" என்று மட்டும் கேட்டால் வாட்ஸ்அப் ஜெயித்துவிடும், ஆறு மாதத்தில் புத்தகம் தோற்றுவிடும்.

## எதை வைத்து எடை போடுவது

சொன்ன புத்தகம் படிக்கப்படுகிறதா? இதுதான் தலையான அளவுகோல். தலைப்புகள் குவிவது சுலபம். இன்னொருவர் அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்து, முடித்து, திரும்ப வந்து பேசுவதுதான் கடினம்.

ஆளைப் பார்த்துச் சொல்ல முடிகிறதா? சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகள் எழுதினார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பவை அவற்றில் இரண்டு. நண்பர்களுக்குள் பரிந்துரைக்கும்போது இந்த இரண்டில் பின்னதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். "எல்லாரும் படிங்க" என்று சொன்னால் யாரும் படிப்பதில்லை. "இது உங்களுக்குத்தான்க்கா" என்று சொன்னால் படிக்கிறார்கள்.

துயரத்தை முன்கூட்டிச் சொல்ல இடம் இருக்கிறதா? வேறு வாசிப்பு வட்டங்களில் இது பெரிய விஷயமில்லை. விலங்குப் பிரியர்களிடம் இதுதான் முக்கியம். போன வாரம் நாயைப் புதைத்துவிட்டு வந்தவரிடம், நாய் சாகிற கதையை ஒன்றும் சொல்லாமல் நீட்டக் கூடாது. ஜெயமோகனின் 'யானை டாக்டர்' எத்தனையோ பேரைக் காட்டின் பக்கம் திருப்பிய கதை. கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தியை, டாக்டர் கே என்று அறியப்பட்டவரை, மையமாக வைத்தது. அதில் சுற்றுலா வந்தவர்கள் எறிந்த பீர் பாட்டில் யானையின் காலுக்கு என்ன செய்கிறது என்று வருகிற பகுதியைத் தாங்கிக்கொள்ள எல்லோராலும் எல்லா நாளும் முடியாது. முன்னே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அதே நேரம் கதையை உடைத்துவிடவும் கூடாது.

கருத்து மோதினால் நட்பு தாங்குமா? ஜல்லிக்கட்டு, தெருநாய், கோயில் யானை. இந்த மூன்றில் ஒன்றையாவது தொடாமல் மதுரையில் விலங்குகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேச முடியாது.

இவை தவிரச் செலவு, யார் தலையில் வேலை விழுகிறது, ஒரு வருடம் கழித்துத் தேடினால் பெயர் கிடைக்குமா என்பவையும் உண்டு. அவற்றை அந்தந்த இடத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

## வாட்ஸ்அப் குழு

காசு கிடையாது, எல்லோர் கையிலும் இருக்கிறது, நினைத்த நொடியில் சொல்லலாம். தமுக்கத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போது இதன் அருமை தெரியும். ஒருவர் ஸ்டாலில் நின்றபடி அட்டையைப் படம் பிடித்துப் போட, "எனக்கும் ஒண்ணு எடுத்துருங்கண்ணே" என்று மேலூரிலிருந்து பதில் வந்துவிடும். ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேரலாம் என்றாலும், புத்தகம் பேசுவதற்கு எட்டுப் பத்துப் பேருக்கு மேல் போனால் பாதிப் பேர் வாயைத் திறக்க மாட்டார்கள்.

இதன் மறைமுகச் செலவு விலங்குப் பிரியர்களுக்கே உரியது. பைபாஸில் அடிபட்டுக் கிடக்கிற மாடு, தத்துக்கு வந்திருக்கிற நாய்க்குட்டிகள், காணாமல் போன பூனை, ரத்தம் தேவைப்படுகிற நாய் என்று செய்தி வந்துகொண்டே இருக்கும். அவை அவசரம். புத்தகத்தை ஓரம் தள்ளிவிட்டு முன்னே நிற்க அவற்றுக்கு எல்லா உரிமையும் உண்டு. ஓர் உயிர் துடிக்கும்போது "நேத்து நான் சொன்ன கட்டுரைத் தொகுப்பு..." என்று யாரும் தொடர மாட்டார்கள், தொடரவும் கூடாது. அதனால் ஒரே குழுவில் இரண்டும் ஓடினால் புத்தகம் கண்டிப்பாகப் புதைந்துபோகும். மீட்புக்கு ஒரு குழு, புத்தகத்துக்கு ஒரு குழு என்று முதல் நாளே பிரித்துவிடுங்கள்.

செய்தியைக் குழுவின் மேலே நிற்கும்படி 'பின்' (pin) செய்து வைக்கலாம் என்பார்கள். மூன்றைத்தான் பின் செய்ய முடியும், அதுவும் அதிகபட்சம் 30 நாள். அதைவிடக் குழு விவரத்தில் அந்த மாதத்துப் புத்தகங்களின் பெயரை எழுதி வைப்பது மேல்.

இன்னொரு தொல்லை, பிடிஎஃப். புத்தகம் பேசுகிற எந்தக் குழுவிலும் ஒரு மாதத்துக்குள் யாராவது ஸ்கேன் செய்த நூலை அனுப்பிவிடுவார். இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. தமிழில் கானுயிர் எழுத்துக்கு வழி போட்டவர்களில் ஒருவரான மா. கிருஷ்ணன் மறைந்தது 1996இல். அவர் எழுத்து இன்னும் பல பத்தாண்டுகளுக்கு உரிமைக்கு உட்பட்டதுதான். இயற்கை பற்றித் தமிழில் எழுதுகிறவர்களும் அதைப் பதிப்பிக்கிறவர்களும் ஏற்கெனவே சொற்பம். அவர்கள் புத்தகம் நூறு பிரதி விற்பதற்கும் விற்காமல் போவதற்கும் அர்த்தம் இருக்கிறது. திருட்டுப் பிரதி வேண்டாம் என்பதைக் குழு விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். இலவசமாகவே வேண்டுமென்றால், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தின் தளத்தில் சங்க இலக்கியம் முழுக்க முறையாகக் கிடைக்கிறது.

கருத்து மோதலுக்கு இது ஆகவே ஆகாத இடம். ராத்திரி பதினோரு மணிக்கு எழுத்தில் வருகிற "அப்ப நீங்க நாய் கடிச்சவங்களைப் பத்தி யோசிச்சதே இல்லையா?" என்ற கேள்விக்குக் குரலும் இல்லை, முகமும் இல்லை.

எப்போது இதுதான் சரி: வட்டத்தில் பாதிப் பேர் சென்னை, கோவை, துபாய் என்று சிதறிப் போயிருந்தால். அல்லது மற்ற மூன்று வழிகளில் ஒன்றுக்குத் தகவல் பலகையாக மட்டும் வைத்துக்கொண்டால்.

## மாதக் கூடுகை

நேரில் கூடிப் பேசுவதற்கு ஈடு கிடையாது. குறிப்பாகக் கருத்து மோதல் என்ற நான்காவது அளவுகோலில்.

சி. சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' ஜல்லிக்கட்டை மையமாக வைத்து 1959இல் வந்த குறுநாவல். ஜல்லிக்கட்டை உச்ச நீதிமன்றம் 2014இல் தடை செய்ததும், 2017இல் தமுக்கத்தில் கூட்டம் திரண்டதும், 2023இல் நீதிமன்றம் அதை அனுமதிக்கிற தமிழ்நாட்டின் சட்டத்தை ஏற்றுக்கொண்டதும் எல்லாம் அதற்கு வெகுகாலம் பின்னால் நடந்தவை. காளை வளர்க்கிறவரும், மாட்டைத் துன்புறுத்துகிறார்கள் என்று மனசார நம்புகிறவரும் ஒரே பாயில் உட்கார்ந்து அதைப் பேசும்போது, இரண்டு பேரும் அந்தக் கதைக்குள் தங்களுக்கு வேண்டியதைக் கண்டெடுக்கிறார்கள். வேண்டாததையும் பார்க்க வேண்டி வருகிறது. "மாட்டு மேல கை வெச்சா எங்க அப்பத்தாவே அடிக்கும்மா" என்று ஒருவர் சொல்வதை நேரில் கேட்டவர், அடுத்த முறை ஆளைப் பார்த்துத்தான் வாதாடுவார். புத்தகம் நடுவில் இருப்பதால் இருவருமே கொஞ்சம் தள்ளி நின்று பேச முடிகிறது.

மதுரையில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி, கூடுகையைப் பறவை பார்ப்பதோடு சேர்த்துக்கொள்ளலாம். வடகிழக்குப் பருவமழை முடிந்து கண்மாயில் தண்ணீர் நிற்கிற மாதங்களில் சாமநத்தத்துக்குக் காலை ஆறரைக்குப் போய்விட்டு, கரையிலேயே உட்கார்ந்து ஒருவர் கொண்டுவந்த கட்டுரையை வாசிக்கலாம். அரிட்டாபட்டிக்கும் போகலாம். 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. 193 ஹெக்டேருக்குள் மலையும் சுனையும் குடைவரையும் லகார் வல்லூறும் இருக்கின்றன. பறவையைப் பார்த்த கண்ணோடு அதைப் பற்றிப் படித்தால் வாக்கியம் வேறு மாதிரி உள்ளே இறங்குகிறது.

உரக்க வாசிக்க ஏற்றது வேண்டுமென்றால் சங்க நூலான ஐங்குறுநூறு இருக்கிறது. குரக்குப் பத்து, கேழற் பத்து, எருமைப் பத்து, கிள்ளைப் பத்து, மஞ்ஞைப் பத்து என்று குரங்குக்கும் காட்டுப்பன்றிக்கும் எருமைக்கும் கிளிக்கும் மயிலுக்கும் பத்துப் பத்துப் பாட்டு. மூன்றிலிருந்து ஆறு அடிக்குள் முடிந்துவிடும். அழகர்கோயில் குரங்குகளை நாள்தோறும் பார்க்கிறவர்களுக்கு, குரக்குப் பத்தைப் பாடிய கபிலரின் குரங்குகள் அந்நியமாக இருக்காது. உரையோடு படித்தால் அரைமணி நேரத்தில் ஒரு பத்து முடியும். முன்கூட்டிப் படித்துவிட்டு வர வேண்டிய கட்டாயமும் இல்லை.

மறைமுகச் செலவுகள் இங்கேதான் அதிகம். உசிலம்பட்டியிலிருந்தோ திருமங்கலத்திலிருந்தோ வருகிறவருக்குப் போக வர அரை நாள் போகிறது. மாலைக் கூடுகை ஏழரையைத் தாண்டினால் பெண்களில் பலர் கிளம்ப ஆரம்பிப்பார்கள், அடுத்த மாதம் வராமலே போவார்கள். சித்திரைத் திருவிழா வாரத்தில் ஊருக்குள் எங்கேயும் போய்ச் சேர முடியாது. ஏப்ரல், மே வெயிலில் காலை ஒன்பதுக்கு மேல் வெளியே உட்கார முடியாது. வீட்டில் கூடினால் டீ, வடை, பாத்திரம் கழுவுவது எல்லாம் ஒருவர் தலையில், பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண் தலையில் விழும். வருகிறவர்களில் ஒருவருக்குப் பூனை முடி ஆகாது. ஆள் கூட்டத்தைப் பார்த்தால் மிரளுகிற நாயை இரண்டு மணி நேரம் அறைக்குள் அடைத்து வைக்க வேண்டி வரும். விலங்குகளை நேசிக்கிறவர்கள் கூடுவதற்காக ஒரு விலங்கு அவதிப்படக் கூடாது. அப்படிப்பட்ட வீடுகளைக் கூடும் இடமாக வைக்காதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. புத்தகத்தை முடிக்காதவர் வெட்கப்பட்டு வராமல் இருப்பார். அடுத்த மாதமும் முடித்திருக்க மாட்டார். மூன்றாவது மாதம் வட்டத்தில் இருக்க மாட்டார். "படிக்காதவங்களும் வரலாம், யாரும் கேக்க மாட்டோம்" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவது அவசியம்.

எப்போது இதுதான் சரி: எல்லோரும் ஒரே ஊரில், ஒருவருக்கொருவர் கொஞ்சம் பழகியவர்களாக இருந்தால். கருத்தில் ஒத்துப்போகாதவர்கள் வட்டத்தில் இருந்தால் நிச்சயமாக.

## சுற்றும் பை

என் மனம் சாய்வது இந்தப் பக்கம்தான்.

ஒரு மஞ்சப்பை. அதற்குள் மூன்று புத்தகம், படித்ததைப் பற்றி எழுத ஒரு நாற்பது பக்க நோட்டு. ஒரு வீட்டில் மூன்று வாரம் இருக்கும். அந்த வீட்டுக்காரர் மூன்றில் எதை வேண்டுமானாலும் படிக்கலாம், ஒன்றைக்கூடப் படிக்காமலும் விடலாம். அடுத்த வீட்டுக்குப் போகும்போது, விரும்பினால் ஒன்றை எடுத்துவிட்டுத் தன்னுடையது ஒன்றைப் போடலாம். எடுத்தது உரியவர் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். போடுகிறவர் முதல் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு வைக்க வேண்டும். அந்தச் சீட்டில்தான் இந்த முறையின் உயிர் இருக்கிறது. யாருக்காக, ஏன், எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். இப்படி:

"அக்கா, இது உங்களுக்குன்னே போட்டேன். நாய் வளர்த்தவங்க எழுதினது. நடுவுல ஒரு அத்தியாயம் கஷ்டமா இருக்கும். வேண்டாம்னா தாண்டிருங்க, மிச்சக் கதை புரியும். தம்பி படிக்கிறதா இருந்தா கடைசி அத்தியாயத்துலேர்ந்து ஆரம்பிச்சாலும் சரிதான்."

'வாடிவாசல்' போகும்போது, காளை வளர்க்கிற வீட்டுக்கான சீட்டில் முடிவைச் சொல்லாமல் "கடைசிப் பக்கங்களை ராத்திரி படிக்காதீங்கண்ணே" என்று மட்டும் எழுதலாம். குழுவில் எல்லோர் முன்னாலும் இதை எழுதினால் மற்றவர்களுக்குக் கதை உடைந்துவிடும். நேரில் சொல்ல வாய் வராது. சீட்டில் முடிகிறது. ஆளைப் பார்த்துச் சொல்வது, துயரத்தை முன்கூட்டிச் சொல்வது என்ற இரண்டு அளவுகோலிலும் மற்ற மூன்று வழிகளும் இதன் கிட்டே வர முடியாது.

படிப்பதும் இதில்தான் அதிகம் நடக்கிறது. புத்தகம் கண்ணெதிரே மேஜையில் கிடக்கிறது, இன்னும் பத்து நாளில் கிளம்பப் போகிறது என்றால் கை தானாகப் போகும். கட்டுரைத் தொகுப்புகள் இதற்கு மிகவும் பொருந்தும். சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்த மா. கிருஷ்ணனின் 'மழைக்காலமும் குயிலோசையும்' போன்ற நூலில் இரண்டு கட்டுரை படித்தாலும் படித்த நிறைவு இருக்கும். ஐந்நூறு பக்க நாவலைப் பையில் போடாதீர்கள். அது முதல் வீட்டிலேயே நின்றுவிடும்.

அதுதான் இந்த முறையின் பெரிய பலவீனமும்: பை நின்றுபோவது. யார் வீட்டில் இருக்கிறது என்பது இரண்டு மாதத்தில் மறந்துவிடும். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருவர் பையின் பொறுப்பாளர் என்று வைத்து, தேதி வந்ததும் கேட்பது அவர் கடமை என்று முன்பே பேசிவிட்டால் அந்தச் சங்கடம் தீரும்.

அடுத்தது சேதம். பல் முளைக்கிற நாலைந்து மாத நாய்க்குட்டிக்கு நூலின் முதுகுப் பகுதி மிகவும் பிடிக்கும். பூனைக்குப் பை என்றாலே படுக்கை. பழைய புத்தகத்தோடு ராமபாணப் பூச்சியும் வீடு வீடாகப் பயணம் செய்யும். காய்ந்த வேப்பிலையை இடையில் வைப்பதும், அடுத்த வீட்டுக்கு அனுப்புமுன் பக்கங்களை ஒருமுறை வெயில் படாமல் காற்றாட விரித்து வைப்பதும் நல்ல பழக்கம். ஐப்பசி, கார்த்திகையில் பைக்குள் ஒரு பிளாஸ்டிக் உறை கட்டாயம். எல்லாவற்றையும்விட முக்கியம், தொலைந்தால் தாங்க மாட்டேன் என்கிற பிரதியைப் பையில் போடவே கூடாது. அச்சில் இல்லாத நூல், ஆசிரியர் கையெழுத்திட்டது, இறந்துபோன அப்பா அடிக்கோடிட்டது எல்லாம் வீட்டு அலமாரியில் இருக்கட்டும். வட்டத்தில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு சிறு நிதி வைத்திருந்தால், கடிபட்ட பிரதிக்குப் பதில் வாங்கிக் கொடுக்கலாம். நாய்க்குட்டி வீட்டுக்காரரும் குன்றிப்போக வேண்டியதில்லை.

வெளியூர் நண்பர் ஒருவர் இருந்தால் பையை முழுதாக அனுப்ப வேண்டாம், ஒரு புத்தகத்தைச் சீட்டோடு தபாலில் அனுப்புங்கள். 2025 மே 1 முதல் அஞ்சல் துறை 'ஞான் போஸ்ட்' என்று புத்தகங்களுக்கென்றே ஒரு சேவையைத் தொடங்கியது. அறிமுகமானபோது 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. தரை வழிப் போக்குவரத்து என்பதால் மெதுவாகத்தான் போகும்.

எப்போது இதுதான் சரி: நான்கு முதல் ஏழு பேர், ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் வரக்கூடிய தூரம். வாயாடாதவர்கள், கூட்டத்தில் பேசக் கூச்சப்படுகிறவர்கள் வட்டத்தில் இருந்தால் இதை விட்டுவிடாதீர்கள். நோட்டில் அவர்கள் எழுதுவதைப் படிக்கவே பை வருவதற்குக் காத்திருப்பீர்கள்.

## பட்டியலும் நூலகமும்

ஒரு கூகுள் ஷீட், இல்லையென்றால் ஒரு நோட்டு. நூல், ஆசிரியர், சொன்னவர், எந்த விலங்கு, துயரம் உண்டா என்ற ஐந்து பத்தி போதும். புத்தகத்தைச் சிம்மக்கல் மாவட்ட மைய நூலகத்திலோ, 2023 ஜூலை 15 அன்று புது நத்தம் சாலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலோ பார்த்துக்கொள்ளலாம்.

ஞாபகத்துக்கு இதைவிட நல்ல வழி இல்லை. செலவும் கிட்டத்தட்டக் கிடையாது. ஆனால் பட்டியல் யாரையும் படிக்க வைப்பதில்லை. அது நீளும், நீளத்தைப் பார்த்தே மலைப்பு வரும். பராமரிக்கிற ஒருவர் சலித்துவிட்டால் அன்றோடு நின்றுவிடும்.

நூலகம் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: விலங்குகளைப் பற்றிய நூல்கள் ஒரே அலமாரியில் இருக்காது. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்குகிற டூயி தசம முறையில் அடுக்கிய இடத்தில் பறவைகள் 598, பாலூட்டிகள் 599, வளர்ப்பு விலங்குகளும் கால்நடையும் 636, தமிழ்க் கதையும் கவிதையும் 894.811. இந்த எண்ணையும் பட்டியலில் ஒரு பத்தியாகச் சேர்த்தால் தேடும் நேரம் பாதியாகும்.

எப்போது இதுதான் சரி: கையில் காசு புழங்காத மாணவர்கள், வீட்டில் புத்தகம் வைக்க இடமில்லாதவர்கள், ஏற்கெனவே வாரம் ஒருமுறை நூலகம் போகிறவர்கள்.

## ஒரே பார்வையில்

| | வாட்ஸ்அப் | கூடுகை | சுற்றும் பை | பட்டியல் |
|---|---|---|---|---|
| படிப்பது நடக்கிறதா | குறைவு | நடுத்தரம் | அதிகம் | குறைவு |
| ஆளைப் பார்த்துச் சொல்வது | தனிச் செய்தியில் மட்டும் | முடியும் | இதற்கென்றே ஆனது | இல்லை |
| துயரத்தை முன்கூட்டிச் சொல்வது | கதை உடையும் | ஓரளவு | சீட்டில் எழுதலாம் | ஒரு பத்தி வைக்கலாம் |
| கருத்து மோதல் | ஆபத்து | தாங்கும் | எழுவதே குறைவு | எழாது |
| செலவு | இல்லை | பயணம், டீ, நேரம் | சேதம், இழப்பு | ஒருவரின் உழைப்பு |
| வெளியூர் நண்பர் | வசதி | முடியாது | தபால் வழி | வசதி |

## தேர்ந்தெடுத்த பிறகு

ஒன்றுதான் முடியும் என்றால் பையை எடுங்கள். இரண்டு முடியும் என்றால் பையோடு மூன்று முதல் ஐந்து மாதத்துக்கு ஒரு கூடுகை. மாதாமாதம் கூடுவது வேலைக்குப் போகிறவர்களுக்குச் சுமையாகிவிடுகிறது. பை ஒரு சுற்று முடித்து வந்திருக்கும் சமயத்தில் கூடினால் பேசவும் நிறைய இருக்கும். வாட்ஸ்அப்பை "பை எங்கே இருக்கிறது" என்று கேட்க வைத்துக்கொள்ளுங்கள். வட்டத்தில் குழந்தைகள் உள்ள வீடுகள் இருந்தால், பையில் வருகிற எதையும் பெரியவர் ஒருவர் முதலில் படித்துவிட்டுக் கொடுப்பது நல்லது. விலங்குக் கதை என்றாலே சிறுவர் கதை என்று எடுத்துக் கொடுத்துவிடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது.

முதல் பையில் என்ன போடுவது என்று கேட்டால், ஒரு கட்டுரைத் தொகுப்பும் 'வாடிவாசல்' போல ஒரே உட்காரலில் முடிகிற ஒரு குறுநாவலும் போதும். மூன்றாவது இடத்தைக் காலியாகவே விட்டு, வட்டத்தில் குறைவாகப் பேசுகிறவர் வீட்டுக்கு முதலில் அனுப்புங்கள். அந்த மூன்றாவதை அவரே போடட்டும்.